விட்டா மேடியாவும் மேயா விடாவும்: இத்தாலிய இயற்பியலைப் போர்த்துகீசுக்கு மாற்ற ஆள் தேடுபவர்களுக்கு

இத்தாலிய நூலில் ஒரு வரி வருகிறது: கதிரியக்க வாயுவான ரேடான்-222இன் 'விட்டா மேடியா' 5.5 நாள். விட்டா என்றால் வாழ்வு, மேடியா என்றால் சராசரி. சராசரி ஆயுட்காலத்தைச் சொல்கிறது. போர்த்துகீசில் 'மேயா விடா' என்றொரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் தட்டுகிற கை அதைத்தான் போடும். ஆனால் மேயா விடா அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம். ரேடான்-222க்கு அது 3.8 நாள். சராசரி ஆயுட்காலம் அதைவிட 1.44 மடங்கு அதிகம். போட்டிருக்க வேண்டிய சொல் 'விடா மேடியா'. மாற்றிப் போட்ட வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, வாசிப்பவருக்கு உறுத்தவும் செய்யாது. இயற்பியல் மட்டும் தப்பு.

இந்த மொழிச்சோடியின் ஆபத்து முழுக்க இப்படித்தான் வருகிறது. ஜெர்மனிலிருந்தோ ரஷ்யனிலிருந்தோ மாற்றும்போது தெரியாத சொல் தெரியாததாகவே கண்ணில் படும், அகராதியைப் புரட்ட வைக்கும். இத்தாலியமும் போர்த்துகீசும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்தவை. தெரியாத சொல்லும் தெரிந்த முகத்தோடு வந்து நிற்கும். மலையாளி 'வெள்ளம்' என்று தண்ணீர் கேட்கும்போது தமிழர் முகத்தில் வருகிற குழப்பமாவது இங்கே வந்தால் நல்லது. பெரும்பாலும் அதுவும் வராது.

ஆகவே ஆள் தேடும்போது 'இரண்டு மொழியும் தெரியுமா' என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் நீங்களே தீர்மானிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

எந்தப் போர்த்துகீசு?

பிரேசிலுக்கா, போர்ச்சுகலுக்கா என்று சொல்லாமல் வேலை கொடுத்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இயற்பியலில் இந்தப் பிரிவு கதை, கட்டுரைகளில் இருப்பதைவிட ஆழமானது, ஏனென்றால் அடிப்படைத் துகள்களின் பெயரே வேறு. எலக்ட்ரான் பிரேசிலில் எலெட்ரோன், போர்ச்சுகலில் எலெட்ராவ். புரோட்டான் அங்கே ப்ரோட்டோன், இங்கே ப்ரோட்டாவ். ஃபோட்டான், அயனி, பாசிட்ரான் எல்லாவற்றுக்கும் இதே கதை. மின்தேக்கியைப் பிரேசிலில் கப்பசிட்டோர் என்பார்கள். போர்ச்சுகலில் அது கொன்டென்சடோர், இத்தாலியச் சொல்லும் கொன்டென்சடோரே. நைட்ரஜனுக்கு இத்தாலியம் அட்ஸோட்டோ என்கிறது. போர்ச்சுகலில் அதே வேரிலிருந்து வந்த அசோட்டு செல்லும், பிரேசில் மாணவருக்கு நிட்ரோஜேனியு என்று எழுதினால்தான் புரியும்.

அணுக்கரு இயற்பியலில் மோதல் நிகழ வாய்ப்பைக் குறிக்கும் குறுக்குவெட்டு இத்தாலியத்தில் 'செட்ஸியோனே டுர்ட்டோ'. பிரேசிலில் சொல்லுக்குச் சொல் அப்படியே 'சேசாவ் டி ஷோக்கி'. போர்ச்சுகலில் 'செக்சாவ் எஃபிகாஸ்', அதாவது 'பயனுறு வெட்டு'. பிரேசில் பிரதியை வாங்கி லிஸ்பனில் அச்சிட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் சிக்குவார்கள்.

போர்த்துகீசு பேசும் நாடுகள் செய்த 1990ஆம் ஆண்டு எழுத்து ஒப்பந்தத்தால் இதெல்லாம் ஒன்றாகிவிட்டது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அந்த ஒப்பந்தம் எழுத்துமுறையைத்தான் தொட்டது. 'எலெக்ட்ராவ்' என்று எழுதியதிலிருந்த ஒலிக்காத எழுத்து போய் 'எலெட்ராவ்' ஆனது, அவ்வளவுதான். சொல் மாறவில்லை. கணினியில் தேடி மாற்றுவதும் போதாது. 'விழுந்துகொண்டிருக்கிறது' என்ற வினையமைப்பே இரு நாட்டிலும் வேறு. ஆய்வகக் குறிப்பில் அது பத்து வரிக்கு ஒரு தரம் வரும்.

எண்களில் வரும் தவறு இன்னும் கொடியது. பிரபஞ்சத்தின் வயது இத்தாலியத்தில் '13,8 மிலியார்டி' ஆண்டுகள், நம் கணக்கில் 1,380 கோடி. பிரேசிலில் அதை 13,8 பில்யோய்ஸ் என்று எழுத வேண்டும். போர்ச்சுகலில் 'மில் மில்யோய்ஸ்' என்று எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே 'பிலியாவ்' என்றால் லட்சம் கோடி. பிரேசிலில் வளர்ந்தவர் போர்ச்சுகல் பிரதிக்கு வேலை செய்தால் பிரபஞ்சம் ஆயிரம் மடங்கு கிழடாகிவிடும். வானியல், அண்டவியல் நூல் என்றால் பத்தின் அடுக்காக எழுதும்படி ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள்

இத்தாலியம்–போர்த்துகீசு என்று தேடினால் வருகிற பெயர்களில் பெரும் பகுதி சட்ட ஆவணக்காரர்கள். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள், 2025இல் இத்தாலி சட்டத்தை இறுக்கும்வரை, இத்தாலியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்து வந்ததால் பிறப்பு, திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு பிரேசிலில் ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது. அது பெரும்பாலும் போர்த்துகீசிலிருந்து இத்தாலியத்துக்குப் போகிற வேலை. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. பிரேசிலில் மாநில வணிகப் பதிவகத்தில் பதிந்த சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முத்திரை நீதிமன்றத்துக்கும் பட்டச் சான்றிதழுக்கும் தேவை. குவாண்டம் இயக்கவியல் தெரியும் என்று அந்த முத்திரை சொல்வதில்லை.

தெற்கு பிரேசிலில் வீட்டில் டாலியன் பேசுகிறவர்கள் தங்களுக்கு இத்தாலியம் தெரியும் என்று பதிந்திருப்பார்கள். டாலியன் வெனெட்டோ வட்டாரப் பேச்சிலிருந்து வளர்ந்த அருமையான மொழி. ஆனால் பாடநூல் இத்தாலியம் வேறு. இத்தாலியில் இருக்கும் இத்தாலியர்கள் போர்த்துகீசு கற்று, போர்த்துகீசுக்குள் மொழிபெயர்ப்பதாக விளம்பரம் செய்வதும் உண்டு. தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்ற விதியை இந்தச் சோடியில் தளர்த்தவே கூடாது. இத்தாலியர் எழுதிய போர்த்துகீசு முக்கால்வாசி சரியாக இருக்கும். அதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

பிரேசில் வழக்குக்குத் தேடுகிறவர்களுக்கு மிகப் பயனுள்ள இடம் மொழிபெயர்ப்புச் சந்தை அல்ல, லட்டெஸ் மேடை. அந்நாட்டு ஆய்வு நிதியமைப்பான சிஎன்பிகியூ நடத்தும் ஆய்வாளர் தன்விவரத் தளம் அது. 1947இல் பையான் என்ற துகளின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சேசர் லட்டெஸின் பெயர் வைத்தது. ஒவ்வொரு விவரக்குறிப்பிலும் மொழிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. புரிந்துகொள்வார், பேசுவார், படிப்பார், எழுதுவார் என்று நான்கையும் தனித்தனியே நன்றாக, ஓரளவு, கொஞ்சம் என்று குறித்திருப்பார்கள். இத்தாலியம் 'நன்றாகப் படிப்பார்' என்றிருந்து, முனைவர் பட்டத்தின் ஒரு பகுதியை இத்தாலியில் செய்தவரைத் தேடுங்கள். எழுதுவார், பேசுவார் என்பது உங்களுக்கு வேண்டாம். போர்ச்சுகலுக்கு இதே வேலையைச் சியென்சியா வீட்டே தளம் செய்யும்.

எந்த ஊர்ப் பெயர்களைப் பார்க்க வேண்டும் என்றால், ட்ரியெஸ்டே முதலில். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் அங்கே இருக்கிறது, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் தொடர்ந்து வந்துபோகும் இடம். அடுத்து ரோம், ஃப்ரஸ்காட்டி, கிரான் சாஸ்ஸோ. அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இத்தாலி, பிரேசில், போர்ச்சுகல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. அந்தக் கூட்டணியில் ஆய்வு செய்தவர்களுக்கு இருபக்கச் சொற்களும் காதில் விழுந்தே இருக்கும்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பிரேசிலின் அப்ராட்டெஸ், போர்ச்சுகலின் ஆப்ட்ராட், இத்தாலியின் ஐட்டி ஆகிய சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் தொடங்கலாம். துறை என்ற கட்டத்தில் 'தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தால் அது இயந்திரக் கையேடாகவே இருக்கும். எந்த நூல், எத்தனை பக்கம், சமன்பாடு இருந்ததா என்று நேராகக் கேளுங்கள்.

ஒரே ஆளிடம் எல்லாம் கிடைப்பது அரிது. இருவராக வைப்பதே நடைமுறை. எந்த வரிசையில் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆய்வுக் கட்டுரை, விரிவுரைக் குறிப்பு, பயிற்சிக் கணக்கு என்றால் இயற்பியலாளர் முதல் வரைவு எழுதட்டும், மொழிக்காரர் செப்பனிடட்டும். வரலாற்று நூல், பொது வாசகருக்கான நூல், கடிதம், சொற்பொழிவு என்றால் மொழிக்காரர் முதலில், இயற்பியலாளர் பின்னால். மாற்றிச் செய்தால் முதல் வகையில் சமன்பாட்டுக்கு நடுவே வரும் 'ஆகவே', 'எனினும்' எல்லாம் தர்க்கம் பிசகும். இரண்டாவது வகையில் நடை செத்துவிடும்.

தேர்வுப் பத்தி

விண்ணப்பித்தவர்களுக்கு 250 முதல் 300 சொல் கொண்ட ஒரு பத்தி கொடுங்கள், காசு கொடுத்து. நூலின் முதல் பக்கத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். முன்னுரை எல்லோருக்கும் வரும். உங்கள் நூலில் பொறி இருக்கும் வரிகளைப் பொறுக்கிச் சேருங்கள்.

கதிரியக்க வரி ஒன்றில் சராசரி ஆயுட்காலமும் அரை ஆயுட்காலமும் அடுத்தடுத்து வரட்டும். இயக்கவியலிலிருந்து ஒன்று: 'பொருள் முடுக்கத்துக்கு உள்ளாகிறது' என்பதற்கு இத்தாலியம் 'சுபீரே' என்ற வினையைப் போடும். போர்த்துகீசில் 'சுபீர்' என்றால் மேலே ஏறுவது. இத்தாலியத்தில் மேலேறுவது 'சலீரே', அதன் சாயலில் போர்த்துகீசில் இருக்கும் 'சயீர்' வெளியேறுவது. சாய்தளக் கணக்கில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

உந்தத்துக்கு இத்தாலியம் 'குவான்டிட்டா டி மோட்டோ'. மோட்டோ என்றால் இயக்கம். போர்த்துகீசில் மோட்டோ மோட்டார் பைக். 'குவான்டிடாடி டி மோவிமென்ட்டு' அல்லது 'மொமென்ட்டு லினேயார்' என்று வர வேண்டும். இதோடு இன்னொரு சிக்கல்: நிலையியலில் வெறுமனே 'மொமென்ட்டோ சுழி' என்று இத்தாலியர் எழுதினால் விசையின் திருப்புத்திறன் சுழி என்று பொருள். போர்த்துகீசு வாசகர் அதை உந்தம் சுழி என்று படித்துவிடலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் அங்கே 'விசையின்' என்ற சொல்லைச் சேர்ப்பார், பிரேசில் பிரதியில் 'டோர்க்கி' என்று வைப்பார்.

ஆள் பெயர்களும் இருக்கட்டும். இத்தாலியர் எழுதும் 'கெப்ளெரோ' போர்த்துகீசில் கெப்ளர்தான். 'கார்ட்டேசியோ' என்பது டெக்கார்ட். அந்தப் பெயரை அப்படியே கொண்டுவந்தால் இல்லாத ஒரு மேதை பிறந்துவிடுவார். இயக்கத்தின் 'மூன்றாவது ப்ரின்சிப்பியோ' என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. போர்த்துகீசில் 'லேய்' என்று வருவதே வழக்கம்.

இயந்திரத்தில் போட்டு எடுத்தாரா என்பதையும் இதே பத்தி காட்டிக்கொடுக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு இந்தச் சோடியில் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்திருந்தால் அதன் தடம் தெரியும். சுருள்வில் இத்தாலியத்தில் 'மொல்லா', போர்த்துகீசில் 'மோலா', ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் சுருள்வில்லும் வசந்தமும் ஒரே சொல் என்பதால் 'ப்ரிமவேரா' என்று வசந்த காலம் வந்து குதிக்கும். தளமும் விமானமும் அங்கே ஒரே சொல் என்பதால் சாய்தளம் சாய்ந்த விமானமாகும். சைன் சார்புக்குப் போர்த்துகீசில் பெரும்பாலும் 'சென்' என்று எழுதுவார்கள், இத்தாலியத்தில் 'சென்', 'சின்' இரண்டும் உண்டு. மூலத்தில் 'சென்' இருந்து விடைத்தாளில் 'சின்' என்று வந்தால் ஆங்கிலம் நடுவே நுழைந்திருக்கலாம்.

விடையைவிட, கூடவே வரும் கேள்விகளைப் பாருங்கள். எந்த நாட்டு வழக்கு, வெக்டர் பெருக்கலுக்கு மூலத்தில் உள்ள கூரைக் குறியை வைக்கவா, பெருக்கல் குறியாக மாற்றவா, பழைய அலகை மாற்றவா என்று கேட்பவரை விடாதீர்கள். 300 சொல் பொறிப் பத்தியை ஒரு கேள்வியும் இல்லாமல் அனுப்புபவருக்கு முழு நூலைக் கொடுக்க வேண்டாம்.

சொற்பட்டியல், கணக்கு, கோப்பு

வேலை தொடங்குமுன் 150 முதல் 200 சொல் வரை ஒரு பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். இத்தாலியச் சொல், போர்த்துகீசுச் சொல் என்று இரண்டு கட்டம் போதாது. நடுவில் குறியீட்டுக் கட்டம் வேண்டும். சராசரி ஆயுட்காலத்துக்கு எதிரே டவ், உந்தத்துக்கு எதிரே பி என்று இருந்தால் சொல் மயங்கினாலும் பொருள் மயங்காது. வாயு விதிகளுக்குப் பெயரை நம்பாமல் சூத்திரத்தை எழுதுங்கள். இத்தாலியர் கே-லுசாக்கின் முதல் விதி, இரண்டாம் விதி என்று பிரிப்பார்கள். போர்த்துகீசு நூல்களில் சார்லஸின் பெயரும் கலந்து வரும், எந்த விதி யாருக்கு என்பது நூலுக்கு நூல் மாறும்.

காஸ்மிக் கதிர் நூல் என்றால் 'ஷாமே' என்ற சொல்லுக்குத் தனிக் குறிப்பு போடுங்கள். இத்தாலியத்தில் தேனீக் கூட்டம் என்று பொருள், துகள் பொழிவுக்கும் அதுவே. அதே லத்தீன் வேரிலிருந்து வந்த போர்த்துகீசுச் சொல் 'என்ஷாமி'. ஆனால் போர்ச்சுகலில் வானியலாளர்கள் விண்மீன்கொத்து, விண்மீன்திரள் கொத்து ஆகியவற்றுக்கு என்ஷாமி என்கிறார்கள், பிரேசிலில் அதற்கு 'அக்லோமெராடு'. துகள் பொழிவுக்குரிய பிரேசில் சொல் 'ஷுவேய்ரு'. இத்தாலியிலிருந்து 1934இல் வந்து சாவோ பாவ்லோ பல்கலையில் இயற்பியலை வேரூன்றச் செய்த க்ளெப் வட்டாகின், தன் மாணவர்கள் மார்செல்லோ டாமி, பாவ்லுஸ் பொம்பேயா ஆகியோரோடு ஊடுருவும் பொழிவுகளை ஆராய்ந்த நாளிலிருந்தே அங்கே வேரோடியிருக்கும் துறை இது. அந்தச் சொல்லை விட்டு வேறொன்றைப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கூலிப் பேச்சில் 'பக்கம்' என்ற சொல்லைத் தவிருங்கள். இத்தாலியப் பதிப்பகங்களின் 'கார்ட்டெல்லா' 30 வரி, வரிக்கு 60 எழுத்து, ஆக இடைவெளியோடு 1,800 எழுத்து. வணிக வேலைகளில் 1,500ஆகவும் கணக்கிடுவார்கள். பிரேசில் பதிப்புலகில் 'லாவுடா' பெரும்பாலும் 30 வரி, வரிக்கு 70, ஆக 2,100. 3,60,000 எழுத்துள்ள நூல் ஒரு கணக்கில் 200 கார்ட்டெல்லா, இன்னொன்றில் 171 லாவுடா. பேசும்போது இரு பக்கமும் 'பக்கம்' என்று சொல்லிவிட்டுப் பட்டியல் வரும்போது சண்டை வருவது இதனால்தான். மூலத்தின் எழுத்தெண்ணிக்கை, இடைவெளி சேர்த்து, என்று எழுதிக்கொள்ளுங்கள். லேடெக் (சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்) கோப்பு என்றால் கணினி கட்டளைகளையும் எண்ணிவிடும், ஆகவே கட்டளை நீக்கி எண்ண வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்துக்குத் தனிக் கூலி. அதை மறந்துவிட்டு அச்சுக்குப் போனால் வரைபட அச்சுகளில் இத்தாலியம் அப்படியே நிற்கும்.

அடர்த்தியான இயற்பியலில் நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 சொல்வரை நியாயமான வேகம். 5,000 என்று சொல்பவர் இயந்திரத்தைத் திருத்தப் போகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்த பழைய நூலாக இருந்தால் எழுத்துணரியில் ஓட்டிய பிரதியை நேராகக் கொடுக்காதீர்கள். இத்தாலியத்தில் 'எ' என்ற எழுத்து தலைக்குறியோடு வந்தால் 'ஆகும்', குறியில்லாமல் வந்தால் 'மற்றும்'. மங்கிய தாளில் அந்தக் குறி போய்விடும், 'விசை சுழி ஆகும்' என்பது 'விசையும் சுழியும்' ஆகிவிடும். அதிர்வெண்ணுக்கான கிரேக்க நியூ, வேகத்துக்கான வி ஆகிவிடுவதும் வழக்கம். முதலில் ஓர் இத்தாலியர் மூலத்தைச் சரிபார்க்கட்டும். அதற்குச் செலவிடும் ஒரு வாரம் பின்னால் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

பழைய நூல்கள்

கலிலேயோ போன்ற பழைய மூலத்துக்கு ஆள் தேடினால் லத்தீனும் கேளுங்கள். 1638இல் லைடனில் அச்சான அவருடைய இயக்கவியல் நூலில் உரையாடல் இத்தாலியம், ஆனால் மூன்றாம் நான்காம் நாட்களில் வாசிக்கப்படும் தேற்றங்கள் லத்தீன். இத்தாலியம் மட்டும் தெரிந்தவர் நடுவழியில் நிற்பார். அலகுகளும் காலை வாரும். சாய்தளச் சோதனைக்கான மரத்தின் நீளம் சுமார் 12 பிராச்சா என்று அங்கே வருகிறது. ஃபிளாரன்ஸ் பிராச்சோ ஏறத்தாழ 58 செ.மீ., ஆக மரம் 7 மீட்டர். போர்த்துகீசில் 'பிராசா' என்று அதே முகத்தோடு ஓர் அலகு உண்டு, அது 2.2 மீட்டர். அப்படி மாற்றினால் மரம் 26 மீட்டராகிவிடும், எந்தக் கூடத்திலும் வைக்க முடியாது. மூல அலகை அப்படியே விட்டு அடிக்குறிப்பு போடுவதே சரி.

ரோமில் ஃபெர்மி தலைமையில் இயங்கிய இயற்பியல் குழுவின் 1930களின் கட்டுரைகளை எடுப்பவர்கள் பதிப்புரிமைக் கணக்கைக் கட்டுரை வாரியாகப் பார்க்க வேண்டும். என்ரிக்கோ ஃபெர்மி 1954இல் இறந்தார். எழுதியவர் இறந்து 70 ஆண்டு என்ற கணக்குப்படி அவர் தனியாக எழுதியவை இத்தாலியிலும் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 2025 ஜனவரி முதல் பொதுவுடைமை. ஆனால் 1934இன் நியூட்ரான் கட்டுரைகள் பலவற்றில் அமால்டி, செக்ரே, ரசெட்டி, தகோஸ்டினோ பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. கூட்டுப் படைப்புக்குக் கடைசியாக இறந்தவரின் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். ரசெட்டி 2001இல்தான் இறந்தார், ஆகவே அவர் பெயருள்ள கட்டுரைகள் 2071 முடியும்வரை உரிமையில் இருக்கும். மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்குமுன் இதை முடித்துவையுங்கள்.

கையில் வந்த பிறகு

முழுப் பிரதி வந்ததும் வாசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் இரு கோப்பிலிருந்தும் எண்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக ஒப்பிடுங்கள். சமன்பாட்டு எண், படத்தின் எண், அடுக்குகள் எல்லாம் சேர்த்து. விடுபட்ட வரிகள் இதிலேயே அகப்படும். பிறகு பொறிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: மேயா விடா வரும் ஒவ்வோர் இடத்திலும் மூலத்தில் என்ன இருக்கிறது, சுபீர் எங்கெங்கே வருகிறது, என்ஷாமி, பிலியாவ், ப்ரிமவேரா, மோட்டோ. 'ரப்போர்ட்டோ' இத்தாலியத்தில் விகிதமும் ஆகும் அறிக்கையும் ஆகும். போர்த்துகீசில் 'ரலட்டோரியு' என்று வந்த இடத்தில் வகுத்தல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியியல் பகுதியில் 'ஸ்கார்ட்டோ குவாட்ராட்டிக்கோ மேடியோ' என்பது திட்ட விலக்கம். 'டெஸ்வியு பட்ராவ்' என்று வந்திருக்க வேண்டும். அரைநாள் வேலை. அதன் பிறகு, இத்தாலியம் தெரியாத ஓர் இயற்பியலாசிரியரிடம் பிரதியைக் கொடுத்து, பயிற்சிக் கணக்குகளை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை பொருந்தாத கணக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறங்கள்.